லாரி பாடிக்காரர் எடுத்த மாம்பழப் பெட்டி

பாரம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறேன். வெறும் சேஸாக வந்து நிற்கிற வண்டி என் பட்டறையை விட்டுப் போகும்போது முழு லாரியாகப் போகும். அப்படிப் போனவை அசாம் வரைக்கும் போய் வந்திருக்கின்றன. பலகை பிரிந்துவிட்டது, சைடு வாங்கிவிட்டது என்று ஒருத்தன் இதுவரை என்னிடம் திரும்பி வந்ததில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்பேர்ப்பட்ட நான் ஓர் அட்டைப்பெட்டியிடம் தோற்றதைச் சொல்லப் போகிறேன். தோற்றவன் சாமானியப்பட்டவன் இல்லை என்று முதலிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் பெயர் சிவக்குமார். என் மனைவி சௌந்திரம். சேந்தமங்கலத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் அவள் அப்பா விட்டுப்போன மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. மல்கோவாவும் இமாம்பசந்துமாக அறுபது மரம். அவள் பெயரிலும் அவள் தம்பி ஜெகதீஸ்வரன் பெயரிலும் சேர்ந்து கிடக்கிறது. மாமனார் போனதிலிருந்து வருஷா வருஷம் குத்தகைக்குத்தான் விடுவார்கள். பூ விடும்போதே குத்தகைக்காரர் வந்து பேசி முடித்துவிடுவார். அப்புறம் எங்கள் மரத்தில் என்ன காய்த்தது என்று எங்களுக்கே தெரியாது. கடைசியில் தயவு பண்ணி ஒரு கூடை பழம் கொண்டுவந்து வைப்பார். அதற்கு நாங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

போன தை மாதம் சௌந்திரம் திடீரென்று, "இந்த வருசம் குத்தகைக்கு உட மாட்டேன்" என்றாள். அவளோடு படித்த ஒருத்தி பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பேசி, நூற்றிருபது வீடுகளுக்கு வீட்டுக்கு ஒரு பத்து கிலோ பெட்டி என்று ஏற்பாடு செய்துவிட்டாள். இவ்வளவும் அவள் என்னைக் கேட்காமல் செய்தது. எனக்கு அதில் கொஞ்சம் கடுப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெகதீஸ்வரனுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது என்று தோன்றியது. அவனுக்கு வேலையென்றாலே ஒரு பயம். வீட்டுக்கு வந்து அக்காவிடம் நேராகவே சொன்னான்.

"அக்கா, இந்த ஒரு காய்ப்பு உன்ற இஷ்டம். ஆனா நூத்திருவது பொட்டி போவுதுன்னா நூத்திருவதும் முழுசாப் போயி எறங்கோணும். ஒரே ஒரு பொட்டி நசுங்குனாலும் அடுத்த வருசத்துலருந்து பழையபடி குத்தகைதான். அப்பறம் எங்கிட்ட பேசக்கூடாது."

சௌந்திரம் "சரி" என்றாள். அவள் "சரி" என்றால் கல்லில் வெட்டியது மாதிரி. எனக்குத்தான் கவலை. அந்தத் தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் அவள் சின்ன வயதில் பெயர் வைத்திருக்கிறாள். மறுபடி யாரோ வந்து காயிலேயே உலுக்கி எடுத்துக்கொண்டு போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, பழத்த நான் பாத்துக்கறேன். ஆளுகள நான் பாத்துக்கறேன். பொட்டி மட்டும் நீங்க பாருங்க. லோடு விசயம் உங்களுக்குத் தெரியாததா."

அந்தக் கடைசி வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது. இறங்குவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று.

மல்லூர் பக்கத்தில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றை விசாரித்துக்கொண்டு போனேன். நடத்துகிறவர் கோகிலவாணி என்று ஓர் அம்மாள். நாற்பது வயது இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் அட்டை வெட்டுகிற கத்தி. உட்காருங்கள் என்று சொன்ன கையோடு கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

"என்ன பழமுங்க?"

"மாம்பழமுங்க."

"காயாப் போவுதா, செங்காயாப் போவுதா? ஒரு பொட்டிக்கு எத்தன கிலோ? ஒண்ணு மேல ஒண்ணு எத்தன பொட்டி அடுக்குவீங்க? வண்டியில எத்தன மணி நேரம் இருக்கும்? அடுக்கி வெக்கற எடத்துல ஈரம் இருக்குதுங்களா?"

பெண் கேட்கப் போன வீட்டில்கூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். அந்த அம்மாள் ஓர் அட்டையைப் பிய்த்துக் காட்டினார். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் அலை அலையாக நெளிந்து போகிற ஒரு தாள். இது மூணு ப்ளை. நடுவில் இன்னொரு தாளும் இன்னொரு நெளியும் சேர்ந்தால் அஞ்சு ப்ளை.

"உங்களுக்கு அஞ்சு ப்ளை போட்டுத் தாரேனுங்க. நெளி மேலருந்து கீழ நெட்டுக்குத்தா நிக்கும். பழம் மூச்சு உடறதுக்கு சைடுல ஓட்டை."

இங்கேதான் எனக்குள் இருந்த பாடி கட்டுகிறவன் எழுந்து உட்கார்ந்தான். எங்கள் தொழிலில் முதல் பாடம், வண்டியின் சொந்த எடையைக் குறைக்க வேண்டும் என்பது. பாடி கனத்தால் லோடு குறையும். இரண்டாவது பாடம், சைடு பலகை எப்போதும் நீளவாக்கில் ஓட வேண்டும். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் படுக்கையாக ஓடுகிற பலகைதான் பாரத்தைப் பிடித்து நிறுத்தும். நான் கட்டிய அத்தனை லாரியும் அப்படித்தான் நிற்கின்றன.

"மூணு ப்ளை போதுமுங்க" என்றேன். "நெளி நெட்டுக்குத்தா வேண்டாம். படுக்க ஓடட்டும்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டு அட்டையை நெளி நிமிர்ந்து நிற்கிற மாதிரி மேசைமேல் நிறுத்தி, உள்ளங்கையை வைத்து அமுக்கினார். நின்றது. அதையே திருப்பி, நெளி படுக்கையாக இருக்கிற மாதிரி வைத்து அமுக்கினார். நடுவில் மடிந்து படுத்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார்.

"கையில அமுக்குனா எதுதானுங்க மடங்காது" என்றேன். "இருவத்தஞ்சு டன்னு ஏத்தற லாரிக்குப் பலகை படுக்கத்தான் ஓடுது. பத்து கிலோ மாம்பழத்துக்கு ஆவாதுங்களா?"

"லாரி வேறங்க, பொட்டி வேறங்க."

"பாரம் ஒண்ணுதானுங்க."

அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். "உங்க இஷ்டம். ஆனா நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார். உதிரியாகத் தேவைப்படுமே என்று நூற்றைம்பது பெட்டியாகச் சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. ஒரு பெண்பிள்ளைக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் சௌந்திரம் கேட்டாள். "பொட்டிக்காரம்மா என்ன சொன்னாங்க?"

"நான் சொன்னதையேதான் அவங்களும் சொன்னாங்க. சரியா இருக்கும்னாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அது பொய் மாதிரியே தோன்றவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதைப் போய் இவளிடம் சொல்லிக் குழப்புவானேன் என்று நினைத்தேன். சௌந்திரம் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் அப்படி நம்பியதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

வைகாசியில் பெட்டி வந்து இறங்கியது. மஞ்சள் அச்சில் மாம்பழப் படம் போட்டு, பார்க்க லட்சணமாக இருந்தது. நான் லாரியைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தேன். உள்ளே இரண்டு கையையும் விட்டுப் பக்கவாட்டில் தள்ளினேன். அசையவில்லை. வெளியிலிருந்து சைடில் ஓர் உதை விட்டேன். தாங்கியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தோப்பில் பறிப்பு தொடங்கியது. பாவாயி என்கிற அம்மாள்தான் பறிக்கிற ஆட்களுக்கெல்லாம் தலைவி. காம்பு ஒரு விரல் நீளம் விட்டுக் கொய்ய வேண்டும், பால் வடிந்து பழத்தின்மேல் படக்கூடாது, வைக்கோல் பரப்பி அதில் குப்புற வைக்க வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருந்தார். சௌந்திரம் ஒவ்வொரு பழத்தையும் கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்துப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலையில் வண்டி. நூற்றிருபது பெட்டியையும் கட்டி, மோட்டார் ரூமில் ஏழு ஏழாக நான்தான் அடுக்கினேன். சாயங்காலம் மலைப்பக்கம் லேசாகத் தூறல் போட்டது. காற்று குளுகுளுவென்று நன்றாகத்தான் இருந்தது.

விடிந்ததும் பாவாயி வந்து கூப்பிட்டார். "சாமி, பொட்டியெல்லாம் ஒக்காந்துக்கிச்சு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். அடியில் இருந்த வரிசை முழுக்க முழங்காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாலு பக்கமும் அட்டை நடுவில் மடிந்து, அதன்மேல் இருந்த ஆறு பெட்டியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. இரண்டாவது வரிசையும் அடுத்து உட்காரத் தயாராக இருந்தது.

அந்த இடத்தில் நின்றுகொண்டே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத் தொழில்காரனுக்கு விளங்க ஒரு நிமிஷம் போதும், ஆனால் அந்த நிமிஷம் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. லாரியில் பாரம் உள்ளேயிருந்து பக்கவாட்டில் தள்ளும். அதனால் பலகை படுக்கையாக ஓடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் பாரம் தலைமேல் உட்காரும். அதைத் தாங்குவதற்கு நெளி காலூன்றி நிமிர்ந்து நிற்க வேண்டும். நான் நிற்க வேண்டியதையெல்லாம் படுக்க வைத்துவிட்டேன். போதாததற்கு ஈரக்காற்று வேறு.

சௌந்திரம் வந்து பக்கத்தில் நின்றாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தம்மா நெசமா என்னுங்க சொன்னாங்க?"

இன்னொரு பொய் வாய்வரைக்கும் வந்தது. அட்டை மட்டம், ஈரம், மழை என்று நாலு காரணம் தயாராகவே இருந்தது. ஆனால் அவள் கை அந்த மடிந்த பெட்டியின்மேலேயே இருந்தது.

"வேண்டாம்னாங்க. அஞ்சு ப்ளை போடறேன்னாங்க. நெளி நெட்டுக்குத்தா நிக்கோணும்னு அமுக்கியே காட்டுனாங்க. நான்தான் கேக்கல."

"எங்கிட்ட சரின்னாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் திட்டு எனக்குத் தெரியும். அவளோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பாவாயக்கா, மடங்குனத எல்லாம் பிரிங்க, உதிரிப் பொட்டியில மாத்தலாம்" என்று வேலையைத் தொடங்கிவிட்டாள். நல்லவேளையாகப் பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மணிக்குள் நூற்றிருபதும் மறுபடி தயாராகிவிட்டது. தரையில் ஒற்றை ஒற்றையாகப் பரப்பி வைத்தோம். தனியாக இருந்தால் ஒவ்வொரு பெட்டியும் கம்பீரமாகத்தான் இருந்தது.

ஆனால் வண்டியில் ஒற்றையாகப் பரப்ப முடியுமா? பேசி வைத்திருந்தது சின்ன வண்டி. நாலு அடுக்காவது ஏற்றியாக வேண்டும். தொப்பூர் ஏற்றத்திலும் ஓசூர் போகிற வழியிலும் குலுங்குகிற குலுக்கில் அடி அடுக்கு நிச்சயம் உட்கார்ந்துவிடும். பெரிய லாரி பிடிக்கலாம் என்றால் அந்தக் குடியிருப்புத் தெருவுக்குள் விடமாட்டார்கள். நான் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

சௌந்திரம்தான் கேட்டாள். "உங்க பட்டறையில ஆட்டு வண்டி ஒண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சே, எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களா?"

மேச்சேரியில் ஆட்டு வியாபாரம் செய்கிற சடையனுக்காக நான் கட்டியிருந்த நடுத்தர வண்டி அது. ஆடுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே மூன்று தட்டு. தட்டுக்கு நாற்பது பெட்டி ஒற்றை அடுக்காகத் தாராளமாக நிற்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டியதே இல்லை. பெயிண்ட் காய்ந்து, ஓர் ஆடுகூட ஏறாமல் புத்தம் புதிதாக நின்றது. அன்று காலைதான் சடையன் எடுத்துப்போக வருகிறார். என் பட்டறையில் நிற்கிற வண்டி, நானே கட்டிய தட்டு, ஆனால் அது எனக்குத் தோன்றவில்லை. என் மூளை அட்டைப்பெட்டிக்குச் சமாதானம் தேடுவதிலேயே இருந்தது.

இரண்டு பேரும் பட்டறைக்கு ஓடினோம். சடையன் ஏற்கெனவே வந்து நின்றார். தனியாக வரவில்லை. கயிற்றில் ஒரு செம்மறி ஆட்டையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் விரித்துவிட்டார்.

"ஆவாதுங்க. என்ற வண்டியில மொத லோடு ஆடுதான் ஏறோணும். எங்க குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டுத்தான் இந்த ஆட்ட பஸ்ஸுல டிக்கெட் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கறேன். மாம்பழத்த ஏத்துனா சாமிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சௌந்திரம் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க வேண்டுனது நடக்கட்டும். மொதல்ல ஆட்டையே ஏத்துங்க. இங்கருந்து சேந்தமங்கலம் வரைக்கும் ஆடுதான் லோடு. தோப்புல எறக்கி நெழல்ல கட்டிப்போடலாம், பாவாயக்கா தழ போடுவாங்க. அதுக்கப்பறம் ஏத்தறது ரெண்டாவது லோடுதானுங்களே."

சடையன் ஆட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். குலதெய்வத்திடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. கடைசியில், "ரெண்டாவது லோடுக்கு ஒண்ணும் வேண்டலீங்க" என்றார்.

கோயில் முன்னால் வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றியபின், அந்த ஒற்றை ஆடு மகாராணி மாதிரி மேல்தட்டில் நின்றுகொண்டு சேந்தமங்கலம் வந்து சேர்ந்தது. வருகிற வழியில் தன் முதல் லோடைப் புழுக்கையாகவும் இறக்கி வைத்திருந்தது. சௌந்திரம் முகம் சுளிக்காமல் தட்டைக் கழுவித் துடைத்து வைக்கோல் பரப்பினாள். நான் வாளியில் தண்ணீர் மோந்து கொடுத்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான்.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். சடையனே ஓட்டினார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெங்களூர் குடியிருப்பு வாசலில் நின்றோம். வண்டியின் பின்னால் பெரிய எழுத்தில் மேச்சேரி ஆட்டு வியாபாரம் என்று இருந்தது. வாசல் காவலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் மூன்று தட்டைப் பார்த்தே அது என்ன வண்டி என்று புரிந்துகொண்டார். ஆடு வருகிறது என்று குழந்தைகள் கூட்டம் ஓடிவந்து, மாம்பழத்தைப் பார்த்து ஏமாந்து நின்றது.

ஒவ்வொரு பெட்டியாக இறக்கினோம். சௌந்திரம் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் தடவிப் பார்த்துத்தான் கொடுத்தாள். ஐம்பது, எண்பது, நூறு. ஒன்றுகூட மடங்கவில்லை. அவள் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஊறியதை நான் பார்த்தேன். எனக்கும் மூச்சு சீராக வந்தது. நூற்றுப்பத்தொன்பது பெட்டி போய்விட்டது. கடைசிப் பெட்டி அந்தக் குடியிருப்புச் சங்கத் தலைவருடையது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற தமிழ்க்காரர். பெட்டியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "அட்டை கொஞ்சம் மெல்லிசா இருக்கே, எப்படித் தாங்குச்சு?" என்றார்.

அவர் சும்மாதான் கேட்டார். சும்மா கேட்ட கேள்விக்குச் சும்மா பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நான் வாளிதான் தூக்கியிருக்கிறேன். யாராவது ஒருவராவது என்னிடம் தொழில் விஷயம் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தேன்.

"தாங்குமான்னு நீங்களே பாருங்க" என்று சொல்லி அந்தப் பெட்டியின்மேல் ஏறி நின்றேன்.

என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. பெட்டி ஒரு விநாடி யோசித்தது. பிறகு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. என் வலது கால் கணுக்கால்வரை மல்கோவாவுக்குள் போய்விட்டது.

குழந்தைகள்தான் முதலில் சிரித்தன. தலைவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று சௌந்திரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் தளும்பி நின்றது. ஒரே ஒரு பெட்டி நசுங்கினாலும் என்று தம்பி சொன்னது எங்கள் இருவர் காதிலும் அந்த நேரத்தில் ஒன்றாகக் கேட்டது. அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். மிதிபடாத பழமாகப் பொறுக்கி எடுத்து, கழுவி, சடையனிடம் கத்தி வாங்கி அங்கேயே கீறி எல்லோருக்கும் கொடுத்தாள். தலைவர் ஒரு துண்டு சாப்பிட்டார். இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார். எனக்குப் பெட்டியே இல்லையே என்று கேட்க மறந்துபோய், பதினைந்து நாளில் இன்னொரு லோடு வருமா, பக்கத்துக் குடியிருப்புக்கும் சேர்த்து இருநூறு பெட்டி கிடைக்குமா என்று கேட்டார். சௌந்திரம் "தம்பியக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றாள். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

மறுநாள் பத்து மணிக்கு ஜெகதீஸ்வரன் வந்துவிட்டான். சௌந்திரம் காப்பி கொடுத்துவிட்டு வாசற்கதவருகே நின்றாள். நான் சோபாவில் இருந்தேன்.

"எப்படீங்க மாமா, எல்லாம் முழுசாப் போயி எறங்குச்சுங்களா?"

எனக்குக் கல்யாணமான இந்த இருபத்து நாலு வருஷத்தில் ஜெகதீஸ்வரன் என் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. நிலம் வாங்கினாலும் வண்டி வாங்கினாலும் மாமாவைக் கேட்காமல் செய்ய மாட்டான். எல்லாம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு முடிந்தது. தோப்பும் நிற்கும், என் மரியாதையும் நிற்கும். சௌந்திரம் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தோப்பு இன்னொரு முறை என் பொய்யின்மேல் நிற்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது.

"ஒரு பொட்டி நசுங்குச்சு மாப்ள" என்றேன். "நான் ஏறி நின்னேன்."

அவனுக்குப் புரியவில்லை. நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பெட்டிக்கார அம்மாள் சொன்னது, நான் லாரி நியாயம் பேசியது, வந்து அவன் அக்காவிடம் பொய் சொன்னது, பெட்டி உட்கார்ந்தது, ஆட்டு வண்டி யோசனை யாருடையது, ஆட்டுக்காரரை மடக்கியது யார், கடைசியில் மல்கோவாவுக்குள் கால் விட்டது யார், எல்லாம். சொல்லச் சொல்ல என் காது சுட்டது.

"தப்பு பூரா என்னுது. உங்கக்கா பண்ணுனதுல ஒரு கொறையும் இல்ல. நீ சொன்ன பேச்சுதான் பெருசுன்னா குத்தகைக்கு உட்டுக்க. ஆனா அவள மட்டும் ஒண்ணும் சொல்லீராத."

ஜெகதீஸ்வரன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சோபாவில் சாய்ந்து சிரித்தான். கால்மேல் கால் வேறு போட்டுக்கொண்டான்.

"ரோடும் நசுக்கல, வண்டியும் நசுக்கல. மாமா ஏறி நின்னதுக்கெல்லாம் தோப்பக் குத்தகைக்கு உட முடியுங்களா?" என்றான். பிறகு அக்கா பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீயே பாத்துக்கக்கா. எல்லா வருசமும்" என்றான்.

சௌந்திரம் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தம்பி போன பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த லோடுக்குப் பொட்டி சொல்ல நானே போறேனுங்க."

"நான் வண்டி ஓட்டிக்கிட்டு வரட்டா?"

"வாங்க. ஆனா உள்ள வரக்கூடாது."

மல்லூரில் அந்தக் கம்பெனி வாசலில், வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிச் சன்னல் வழியே இரண்டு பேரும் தெரிந்தார்கள். கோகிலவாணி அம்மாள் கேட்கக் கேட்கச் சௌந்திரம் விரல்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று மூன்று முறை கதவில் கை வைத்தேன். மூன்று முறையும் எடுத்துக்கொண்டேன்.

அவள் வந்து ஏறியதும் நான் எதுவும் கேட்கவில்லை. அவளே பேசினாள். எந்த அட்டை, எத்தனை ஓட்டை, ஈரம் இழுக்காத தாள் எது, பாவாயியிடம் என்ன சொல்ல வேண்டும், அடுத்த வருஷம் எந்த மரத்துக்கு எரு வைக்க வேண்டும் என்று சேந்தமங்கலம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். நான் "ம்" கொட்டிக்கொண்டு வண்டியை மட்டும் ஓட்டினேன். இவளுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.